ஆண்மைக்குறைவு "எல்லாம் மனசுதான்"னு சொல்றாங்களே, உண்மையா?

மார்ச் 2 – கேள்வி

எனக்கு 43 வயசு. ஒரு வருஷமா விறைப்பு சரியா வர்றதில்ல, வந்தாலும் பாதியிலேயே போயிடுது. நெட்ல தேடினா 90 சதவீதம் மனசு சம்பந்தப்பட்டதுதான், டென்ஷனை குறைச்சா தானா சரியாயிடும்னு போட்டிருக்கு. நண்பன் ஒருத்தன் மாத்திரை தர்றேங்கறான். டாக்டர்கிட்ட போகணுமா, இல்ல கொஞ்ச நாள் பொறுத்துப் பாக்கலாமா? மனைவிகிட்ட பேசவே கூச்சமா இருக்கு.

மார்ச் 2, இரவு

போகணும். ஒரு வருஷம் பொறுத்தாச்சே, இன்னும் என்ன பொறுக்கறது. எப்பவாவது ஒருநாள் வராம போறது எல்லாருக்கும் நடக்கும், அது கணக்கே இல்ல. மூணு மாசத்துக்கு மேல தொடர்ந்து இப்படின்னா அது பாக்க வேண்டிய விஷயம்.

அந்த 90 சதவீத கதை பழசு. 1970கள் வரைக்கும் டாக்டர்களே பெரும்பாலும் மனசுதான்னு நம்பிட்டு இருந்தாங்க, ஏன்னா அப்ப உள்ள என்ன நடக்குதுன்னு யாருக்கும் சரியா தெரியாது. இப்ப 40 தாண்டின ஆளு வந்து உக்காந்தா முதல்ல பாக்கறது ரத்தக்குழாய், சுகர், பிரஷர், அவர் சாப்பிடற மாத்திரைங்க, அப்புறம் ஹார்மோன். மனசும் இருக்கு, ஆனா பல பேருக்கு அது பின்னாடி வந்து ஒட்டிக்கறது. ரெண்டு தடவை சொதப்பினா மூணாவது தடவை பயம் முன்னாடியே வந்து நிக்கும் இல்லையா, அது.

என் கதை: எனக்கு இது ஆரம்பிச்சப்ப பாத்த டாக்டர் அஞ்சு நிமிஷம் பேசிட்டு "வேலை டென்ஷன், ரெஸ்ட் எடுங்க"ன்னு ஒரு விட்டமின் எழுதிக் கொடுத்தார். ஒரு ரத்த டெஸ்ட்கூட எழுதல. அப்புறம் இன்சூரன்ஸ்க்காக எடுத்த டெஸ்ட்லதான் சுகர் நல்லா ஏறியிருக்கறது தெரிஞ்சுது. டென்ஷன் இல்லாம இல்ல, யாருக்குதான் இல்ல. ஆனா சுகரும் இருந்துச்சு, அதை யாரும் தேடல.

மார்ச் 3

மெக்கானிசம் புரிஞ்சா பாதி குழப்பம் போயிடும், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமை இல்லாதவங்க தாண்டிப் போங்க.

நிறைய பேர் நினைக்கறது விறைப்புன்னா தசை இறுகறதுன்னு. நேர் எதிர். உறுப்புக்குள்ள ரெண்டு நீள அறை இருக்கு, அதுக்குள்ள பஞ்சுபோல திசு, அதை சுத்தி மென்தசை. சாதாரண நேரத்துல அந்த தசை இறுகித்தான் இருக்கும், அதனால ரத்தம் கொஞ்சமாதான் உள்ள வரும். கிளர்ச்சி வரும்போது தண்டுவடத்தோட அடிப்பகுதியில இருந்து கிளம்பற நரம்பு வழியா சிக்னல் போகுது, அந்த நரம்பு முனையிலயும் ரத்தக்குழாய் உள்சுவர்லயும் நைட்ரிக் ஆக்சைடு வெளியாகுது, அது சிஜிஎம்பிங்கற ஒரு பொருளை ஏத்துது, தசை தளருது, ரத்தம் குபுகுபுன்னு உள்ள வருது. உள்ள அழுத்தம் ஏற ஏற ரத்தத்தை வெளிய எடுத்துட்டுப் போற நாளங்க வெளி உறையோட அழுந்தி மூடிக்குது, சைக்கிள் ட்யூப் வால்வு காத்தை விடாம பிடிக்கற மாதிரி. ரத்தம் உள்ள மாட்டிக்குது, அதுதான் விறைப்பு. வேலை முடிஞ்சதும் பிடிஈ-5ங்கற என்சைம் அந்த சிஜிஎம்பியை உடைச்சு எல்லாத்தையும் பழைய நிலைக்கு கொண்டுவந்துடும்.

ஆக எங்கெல்லாம் கெடலாம்? நரம்பு கெடலாம் (சுகர், முதுகுத்தண்டு அடி, புராஸ்டேட் ஆபரேஷன்). உள்சுவர் கெட்டு நைட்ரிக் ஆக்சைடு குறையலாம் (சிகரெட், சுகர், பிரஷர், கொழுப்பு). குழாயே அடைக்கலாம். மூடற நாளம் சரியா மூடாம லீக் ஆகலாம், அவங்கதான் "வருது, நிக்கமாட்டேங்குது"ன்னு சொல்றவங்க. இந்த லிஸ்ட்ல சுகர் ரெண்டு இடத்துல வந்திருக்கு பாருங்க, நரம்பையும் அடிக்கும் குழாயையும் அடிக்கும், அதான் சுகர்க்காரங்களுக்கு மத்தவங்களைவிட 10, 15 வருஷம் முன்னாடியே இது வந்துடுது.

இப்ப மனசு எங்க வருதுன்னா, பயந்தா அட்ரினலின் சுரக்கும், அட்ரினலின் அந்த மென்தசையை இறுக்கும். அவ்வளவுதான். அதுவும் உடம்பு வழியாத்தான் வேலை செய்யுது. "மனசா உடம்பா"ன்னு ரெண்டா பிரிச்சு சண்டை போடறதுல எனக்கு நம்பிக்கை போனது இதைப் படிச்சப்பதான்.

மார்ச் 3, கொஞ்ச நேரம் கழிச்சு

நைட்ரிக் ஆக்சைடு ரத்தக்குழாய்ல என்ன பண்ணுதுன்னு கண்டுபிடிச்சதுக்கு ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூணு பேருக்கும் 1998ல நோபல். அதே வருஷம் மார்ச்லதான் அமெரிக்காவுல வயாகராவுக்கு அனுமதி கிடைச்சுது. அந்த மருந்தை ஃபைசர் கம்பெனி முதல்ல நெஞ்சுவலிக்குத்தான் டெஸ்ட் பண்ணிட்டு இருந்தாங்க. நெஞ்சுக்கு பெருசா ஒண்ணும் ஆகல. வேற இடத்துல ஆச்சு.

மார்ச் 5

ஒருத்தர் "அப்ப இது கௌரவப் பிரச்சனைதானே, உயிர் போற விஷயமா என்ன"ன்னு கேக்கறார். சார், இதுலதான் நான் உங்களோட ஒத்துப்போக மாட்டேன்.

ஆணுறுப்புக்கு போற தமனியோட அகலம் 1-லேர்ந்து 2 மில்லிமீட்டர். இதயத்துக்கு போறது 3, 4 மில்லிமீட்டர். கொழுப்பு படியறது உடம்பு முழுக்க நடக்கற விஷயம், சின்ன குழாய் முதல்ல கஷ்டத்தை காட்டும், பெருசு அப்புறம். இதய நோய் இருக்கறவங்களை கேட்டுப் பாத்தா நிறைய பேருக்கு நெஞ்சுவலி வர்றதுக்கு ரெண்டுலேர்ந்து அஞ்சு வருஷம் முன்னாடியே விறைப்பு பிரச்சனை ஆரம்பிச்சிருக்கு. அதனால வேற காரணம் தெரியாம 40களில் இது வந்தா இதயத்தையும் சேத்துப் பாக்கணும்னு இதய டாக்டர்களே சொல்றாங்க. எல்லாருக்கும் மாரடைப்பு வரும்னு இல்ல, பயமுறுத்தல. பிரஷர், சுகர், கொழுப்பு டெஸ்ட் எடுங்கன்னுதான் சொல்றேன், மூணுமே சாதாரண டெஸ்ட்.

எவ்வளவு பேருக்கு இருக்குன்னும் கேட்டிருக்கார். அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல 1987–89ல 40லேர்ந்து 70 வயசு ஆண்கள்கிட்ட கேட்டாங்க, 52 சதவீதம் பேர் ஏதோ ஒரு அளவுல இருக்குன்னாங்க. முழுசா வராதவங்க மொத்தப் பேர்ல பத்துல ஒருத்தர். பாதிப்பேருக்கு இருக்கற ஒண்ணை உலகத்துலேயே எனக்கு மட்டும்னு நினைச்சுட்டு ஒவ்வொருத்தனும் கமுக்கமா உக்காந்திருக்கான்.

மார்ச் 6

காலை விறைப்பு பத்தி நாலு பேர் கேட்டுட்டாங்க.

தூக்கத்துல, முக்கியமா கனவு வர்ற கட்டத்துல, ஆரோக்கியமான ஆணுக்கு ராத்திரி 3லேர்ந்து 5 தடவை தானா வரும். காலையில எழுந்திரிக்கும்போது இருக்கறது அந்த வரிசையில கடைசி, சிறுநீர் முட்டறதால வர்றது இல்ல. அப்ப மனசுல பயம் கியம் எதுவும் இல்ல, அதனால காலையில நல்லா வருது, துணையோட இருக்கும்போது மட்டும் போயிடுதுன்னா குழாயும் நரம்பும் பெரும்பாலும் ஓகே. காலையிலயும் இல்ல, தனியா இருக்கும்போதும் இல்ல, மெல்ல மெல்ல மாசக்கணக்கா குறைஞ்சுதுன்னா உடம்பு பக்கம் சந்தேகப்படணும். திடீர்னு ஒருநாள்லேர்ந்து ஆரம்பிச்சதுன்னா மனசு பக்கம், இல்லேன்னா புதுசா ஆரம்பிச்ச மாத்திரை.

1980ல ஒரு டெஸ்ட் எழுதினாங்க, தபால் தலையை தனித்தனியா கிழிக்காம வரிசையா உறுப்பை சுத்தி ஒட்டிட்டு தூங்கறது, காலையில அந்த ஓட்டை போட்ட இடத்துல கிழிஞ்சிருந்தா ராத்திரி விறைப்பு வந்திருக்குன்னு அர்த்தம். சிரிக்காதீங்க, நிஜமாவே மருத்துவ பத்திரிகையில வந்தது. இப்ப அதுக்கு மெஷின் இருக்கு, அதுவும் எல்லாருக்கும் தேவைப்படாது.

மார்ச் 6, இரவு

மேல சொன்னதை வெச்சு "காலையில வருது, அப்ப எனக்கு எதுவும் இல்ல, டெஸ்ட் வேணாம்"னு ஒருத்தர் முடிவே பண்ணிட்டார். அப்படி இல்ல. அது ஒரு துப்பு, தீர்ப்பு இல்ல. எனக்கும் ஆரம்பத்துல காலையில வந்துட்டுதான் இருந்துச்சு, முன்ன மாதிரி உறுதியா இல்ல, எப்பவாவது. நானும் அதையே பிடிச்சுட்டு ஆறுதல் பட்டேன். சுகர் பாட்டுக்கு ஏறிட்டு இருந்துச்சு.

மார்ச் 9

மாத்திரைகள். இதுக்கு தனியா ஒரு நாள் தேவை.

பிரஷருக்கு கொடுக்கற பழைய பீட்டா பிளாக்கர்ங்க, தயசைடு வகை நீர் மாத்திரை, மனச்சோர்வுக்கான எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரைங்க, மனநோய்க்கான சில மருந்து, முடி கொட்டாம இருக்கவும் புராஸ்டேட்டுக்கும் கொடுக்கற ஃபினாஸ்டெரைடு, நீண்டநாள் ஓப்பியாய்டு வலி மாத்திரை, இதெல்லாம் சிலருக்கு பண்ணும். எல்லாருக்கும் இல்ல. தயவுசெஞ்சு யாரும் நீங்களா நிறுத்தாதீங்க. பிரஷர் மாத்திரையை பட்டுனு நிறுத்தி ஸ்ட்ரோக்ல போய் படுத்தா அப்புறம் விறைப்பு எதுக்கு. டாக்டர்கிட்ட சொன்னா மாத்தித் தர வேற வகை நிறைய இருக்கு.

ஆனா இதுல ஒரு வேடிக்கை. 2003ல வந்த ஒரு இத்தாலி ஆய்வு. 96 பேருக்கு அட்டெனலால்ங்கற பீட்டா பிளாக்கர் கொடுத்தாங்க, மூணு குழு. என்ன மாத்திரைன்னே தெரியாதவங்கள்ல 3 சதவீதம் பேருக்குத்தான் பிரச்சனை. மாத்திரை பேர் மட்டும் தெரிஞ்சவங்கள்ல 15 சதவீதம் சொச்சம். பேரையும் சொல்லி "இது விறைப்பை பாதிக்கலாம்"னும் சொன்னவங்கள்ல 31 சதவீதம். மாத்திரை ஒண்ணுதான்! படிச்சுட்டு தலையில கை வெச்சுட்டேன். இப்ப நான் இந்த லிஸ்ட் போட்டதுனால எத்தனை பேருக்கு இன்னிக்கு ராத்திரி வராம போகப்போகுதோ.

மார்ச் 10

குடியும் காரணமான்னு கேட்டிருக்காங்க. ஆமா, சாராயமும்தான். ரெண்டு பெக்ல கூச்சம் போகும், நாலு பெக்ல எல்லாமே போகும்.

மார்ச் 14

24 வயசு தம்பி ஒருத்தர் தனியா எழுதியிருக்கார், கல்யாணம் நிச்சயமாகியிருக்கு, சின்ன வயசுலேர்ந்து கைப்பழக்கம், அதனால நரம்பு தளர்ந்து போச்சோன்னு பயம். தனியா இருக்கும்போது நல்லா வருதாம்.

தம்பி, தனியா நல்லா வருதுன்னா எதுவும் தளரல. கைப்பழக்கத்தால நரம்பு கெடும், விந்து தீர்ந்து போகும், உறுப்பு சுருங்கும், இதுல ஒண்ணுகூட உண்மை இல்ல. இந்த பயத்தை வித்தே பிழைக்கறவங்க இருக்காங்க, அவங்க விளம்பரத்தை படிக்காதீங்க, போதும். ஒரே விஷயம், ரொம்ப இறுக்கிப் பிடிச்சு ஒரே விதமா, ஒரே வகை வீடியோ பாத்துத்தான்னு பழகினவங்களுக்கு நிஜ ஆளோட இருக்கும்போது முதல்ல கொஞ்சம் தடுமாற்றம் இருக்கலாம், பழக்கத்தை தளர்த்தினா மாறும். வீடியோவால நிரந்தரமா கெட்டுப்போகும்னு சொல்றதுக்கு உறுதியான ஆதாரம் எதுவும் நான் பாக்கல.

இளவயசுல உண்மையான வில்லன் அட்ரினலின்தான். முதல் தடவை, புது ஆள், நேரம் காலம் குறிச்சு "இன்னிக்கு நடக்கணும்"னு ஒரு நெருக்கடி. மாஸ்டர்ஸ், ஜான்சன்னு ரெண்டு அமெரிக்க செக்ஸ் ஆராய்ச்சியாளர்கள் 1970லேயே எழுதினாங்க, ஆளு உறவுல இல்லாம பக்கத்துல நின்னு "வருதா வருதா"ன்னு தன்னையே வேடிக்கை பாத்துட்டு இருக்கான்னு. அவங்க சொன்ன வழி கேக்க விசித்திரமா இருக்கும், கொஞ்ச வாரத்துக்கு உடலுறவே வேணாம்னு தடை, தொட்டுக்கறது மட்டும். நடக்கணும்ங்கற கட்டாயம் போனதும் பல பேருக்கு தானா வந்துடும். இன்னிக்கும் செக்ஸ் தெரபிஸ்ட்டுங்க இதை பண்றாங்க.

இன்னொண்ணு, சீக்கிரம் விந்து வெளியேறறது வேற பிரச்சனை, விறைப்பு வராதது வேற. சில பேருக்கு போயிடுமோங்கற பயத்துல அவசரப்பட்டு ரெண்டும் சேர்ந்து வரும். டாக்டர்கிட்ட போனா "ஆண்மைக்குறைவு"ன்னு ஒரே வார்த்தையில சொல்லி நிறுத்தாம எது நடக்குதுன்னு பிரிச்சு சொல்லுங்க.

மார்ச் 15

டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டா சரியாயிடுமான்னு கேட்டவருக்கு: குறைஞ்சிருந்தாதான். அது முக்கியமா ஆசையை ஓட்டற ஹார்மோன். ஆசையே இல்ல, எப்பவும் சோர்வு, காலை விறைப்பும் இல்லன்னா பாருங்க. காலையில எடுக்கணும், ஏன்னா அப்பதான் உச்சத்துல இருக்கும், ஒரு தடவை குறைஞ்சா இன்னொரு நாள் மறுபடி எடுக்கணும். ரெண்டு தடவையும் ஒரு டெசிலிட்டர் ரத்தத்துல 300 நானோகிராமுக்கு கீழன்னா பேசலாம். ஆசை நிறைய இருக்கு, அங்க மட்டும் ஒத்துழைக்கலன்னா ஹார்மோன் காரணமா இருக்க வாய்ப்பு கம்மி. குழந்தை வேணும்னு நினைக்கறவங்க ஜாக்கிரதை, வெளியிலேர்ந்து டெஸ்டோஸ்டிரோன் போட்டா விந்தணு உற்பத்தி படுத்துடும். ஜிம்ல ஊசி போடறவங்களுக்கும் இதேதான்.

மார்ச் 19

முதல்ல கேட்டவரோட நண்பன் தர்றேன்னு சொன்ன மாத்திரைக்கு இன்னும் பதில் சொல்லலயே.

வேணாம். மாத்திரை கெட்டதுன்னு இல்ல, சில்டெனாஃபில் (வயாகராவுல இருக்கறது இதுதான்), டடாலாஃபில் ரெண்டுமே நல்லா ஆராய்ஞ்ச மருந்து, பெரும்பாலானவங்களுக்கு வேலை செய்யும். பிடிஈ-5 என்சைமை தடுக்குது, அதனால சிஜிஎம்பி சீக்கிரம் உடையாம நிக்குது, மேல மார்ச் 3ல எழுதினதோட சேத்துப் படிங்க. ஆனா நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில வெக்கற நைட்ரேட் மாத்திரை எடுக்கறவங்க இதை தொடவே கூடாது, ரெண்டும் சேர்ந்தா பிரஷர் பாதாளத்துக்கு இறங்கி ஆளே போயிடலாம். இதைப் போட்டுட்டு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரிக்கு போனீங்கன்னா வெக்கப்படாம முதல் வார்த்தையா இதை சொல்லுங்க, சில்டெனாஃபில்னா 24 மணி நேரம், டடாலாஃபில்னா 48 மணி நேரம் நைட்ரேட் கொடுக்க மாட்டாங்க. புராஸ்டேட்டுக்கு ஆல்ஃபா பிளாக்கர் எடுக்கறவங்களும் சொல்லணும். விறைப்பு நாலு மணி நேரத்துக்கு மேல இறங்கலன்னா பெருமைப்பட ஒண்ணும் இல்ல, அது எமர்ஜென்சி, உள்ள திசு செத்துப்போகும்.

"இது மூலிகை, பக்கவிளைவே இல்ல"ன்னு விக்கற பொடியும் மாத்திரையும்? பரிசோதிச்சுப் பாத்தா பலதுல சில்டெனாஃபிலையே சொல்லாம கலந்திருக்காங்க. அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டுத் துறை இதுக்கு எச்சரிக்கை மேல எச்சரிக்கை விட்டுட்டே இருக்கு. எவ்வளவு கலந்திருக்குன்னு விக்கறவனுக்கே தெரியாது. இதய நோயாளி மூலிகைன்னு நம்பி சாப்பிட்டா நிலைமையை யோசிச்சுப் பாருங்க.

மார்ச் 20

மாத்திரை வேலை செய்யாதவங்களுக்கு வழியே இல்லையான்னா இருக்கு. வேக்குவம் பம்ப் இருக்கு, நேரா உறுப்புல போடற ஊசி இருக்கு, கடைசியா உள்ள வெக்கற இம்ப்ளான்ட். ஊசி எப்படி பிரபலமாச்சுன்னு தெரியுமா, 1983ல லாஸ் வேகஸ்ல சிறுநீரக டாக்டர்கள் மாநாடு, ஜைல்ஸ் பிரிண்ட்லின்னு ஒரு பிரிட்டிஷ் விஞ்ஞானி பேச வந்தார். மேடை ஏறறதுக்கு முன்னாடி ஹோட்டல் ரூம்லயே தனக்கே ஊசி போட்டுட்டு வந்து, பேச்சு நடுவுல பேண்ட்டை இறக்கி ரிசல்ட்டை சபைக்கே காட்டிட்டார். லெக்சர் கேக்கும்போது யாருக்கும் கிளர்ச்சி வராதே, அப்ப இது மருந்தோட வேலைதான்னு நிரூபணம். "எல்லாம் மனசு"ங்கறவங்களுக்கு இதைவிட நேரடியா யாரும் பதில் சொன்னதில்ல.

மார்ச் 22

ஒரு அம்மா எழுதியிருக்காங்க, கணவர் ரெண்டு வருஷமா விலகியே படுக்கறார், "நான் குண்டாயிட்டேன், அதான் பிடிக்கல, இல்ல வேற யாரோ இருக்காங்க"ன்னு நினைச்சு ராத்திரியெல்லாம் அழறேன்னு.

இதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத முடியல. என் வீட்லயும் இதேதான் ஓடிட்டு இருந்திருக்கு, எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. நான் தோத்துடுவேன்னு பயந்து கட்டிப்பிடிக்கறதைக்கூட விட்டுட்டேன், ஏன்னா கட்டிப்பிடிச்சா அடுத்தது எதிர்பார்ப்பாளோன்னு. அவ பக்கத்துலேர்ந்து பாத்தா புருஷனுக்கு தன்னைத் தொடவே பிடிக்கல.

அம்மா, உங்க கணவருக்கு என்னன்னு இங்கேர்ந்து சொல்ல முடியாது. ஆனா விலகறது பாதி நேரம் வெக்கம். படுக்கையில வெச்சு கேக்காதீங்க, அங்க வெச்சு கேட்டா இன்னும் சுருங்கிடுவார். பகல்ல, வேற ஏதாவது வேலையா இருக்கும்போது, "உனக்கு உடம்புல ஏதாவது இருக்கா, சுகர் பிரஷர் பாத்துக்கலாமா"ன்னு ஆரம்பிங்க. குறட்டை சத்தமா விட்டு நடுவுல மூச்சு நின்னு நின்னு வருதான்னும் கவனிங்க, அந்த ஸ்லீப் ஆப்னியாவும் ஒரு காரணம், அவருக்கே தெரியாது, பக்கத்துல படுக்கறவங்களுக்குத்தான் தெரியும்.

மார்ச் 28

எடை குறைச்சா சரியாகுமா? சிலருக்கு ஆகுது. 2004ல வந்த இன்னொரு இத்தாலி ஆய்வு, உடல் பருமனும் விறைப்பு பிரச்சனையும் உள்ள 110 ஆண்கள், பாதிப்பேருக்கு உணவு உடற்பயிற்சின்னு தீவிரமா வழிகாட்டினாங்க, மீதிப்பேருக்கு பொதுவான அறிவுரை. ரெண்டு வருஷம் கழிச்சு முதல் குழுவுல 31 சதவீதம் பேர் நார்மல், ரெண்டாவதுல 5 சதவீதம். மாத்திரை இல்லாம. மூணுல ஒருத்தருக்குத்தானேன்னு சொல்லலாம், அதுவும் சரி, அதனாலதான் "வாக்கிங் போ எல்லாம் சரியாயிடும்"னு நான் சொல்ல மாட்டேன். ஆனா சிகரெட்டை விடறதும் நடக்கறதும் இதயத்துக்கும் சேத்துத்தான் வேலை செய்யுது, மாத்திரை அன்னிக்கு ராத்திரிக்கு மட்டும்தான்.

என் நிலைமை கேட்டாங்க. சுகர் கட்டுக்குள்ள வந்து, சிகரெட் போய், ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. முழுசா 25 வயசு திரும்பல, திரும்பாது. சில நாள் டடாலாஃபில் வேணும், சில நாள் வேணாம். நரம்புல ஏற்கெனவே ஆன சேதம் கொஞ்சம் அப்படியே இருக்கும்னு இப்ப பாக்கற டாக்டர் நேராவே சொல்லிட்டார், அது எனக்கு பிடிச்சுது.

ஏப்ரல் 1

சைக்கிள் ஓட்டினா போயிடும்னு ஒருத்தர் ஏப்ரல் ஃபூல் பண்றாரான்னு தெரியல. நீண்டதூரம் ஓட்டும்போது மெல்லிசான சீட் இடுப்புக்கு அடியில நரம்பையும் தமனியையும் அழுத்தும், மரத்துப் போகும், அது உண்மை. மரத்துப் போச்சுன்னா இறங்குங்க, சீட்டை மாத்துங்க. சைக்கிளை விக்க வேணாம்.

ஏப்ரல் 6

முதல்ல கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கார். டெஸ்ட் எடுத்தாராம், மூணு மாச சராசரி சுகர் (எச்பிஏ1சி) 8.1, பிரஷரும் ஜாஸ்தி, 6.5 தாண்டினாலே சுகர்தான்னு டாக்டர் சொல்லி ரெண்டுக்கும் மாத்திரை ஆரம்பிச்சிருக்கார், இசிஜி எடுத்தாச்சு, கூடவே சில்டெனாஃபில். வீட்லயும் சொல்லிட்டாராம். ஆனா முதல் தடவை மாத்திரை வேலை செய்யல, அதனால ரொம்ப நொந்து போயிருக்கார்.

நண்பரே, எப்படி போட்டீங்க? வயிறு முட்ட எண்ணெய்ச் சாப்பாடு சாப்பிட்ட உடனே போட்டா சில்டெனாஃபில் லேட்டாத்தான் ஏறும். வெறும் வயித்துல இல்லேன்னா லேசா சாப்பிட்டு, ஒரு மணி நேரம் முன்னாடி. போட்டுட்டு கடிகாரத்தைப் பாத்துட்டு உக்காந்தா வராது, அது ஆசையை உண்டாக்கற மாத்திரை இல்ல, சிக்னல் வந்தாதான் அதுக்கு வேலை. ஒரு தடவையை வெச்சு முடிவு பண்ணாதீங்க, டாக்டர்களே ஆறேழு தடவையாவது சரியா எடுத்துப் பாத்துட்டுத்தான் வேலை செய்யலன்னு எழுதுவாங்க. அளவை கூட்டணுமான்னு அவர்கிட்டயே கேளுங்க, நீங்களா ரெண்டா போடாதீங்க. நெஞ்சுக்கு எப்பவாவது நைட்ரேட் எழுதினாங்கன்னா இந்த மாத்திரை சாப்பிடறதை அவங்ககிட்ட சொல்லணும், மறந்துடாதீங்க.